கம்யூனிட்டி ப்ராக்டிகல்: பையை எப்போது திறப்பது?

சமுதாய நலச் செவிலியர் ப்ராக்டிகலில் மார்க் போவது பெரும்பாலும் பாடம் தெரியாமல் அல்ல, வரிசை மாறுவதால். ஜிஎன்எம் (செவிலியர் டிப்ளமோ) ஆனாலும் பிஎஸ்சி நர்சிங் ஆனாலும் எக்ஸாமினரின் கண் உங்கள் கையில்தான் இருக்கும்: வீட்டுச் சந்திப்புக்குக் கொண்டுபோகும் சாமான் பைக்குள் கழுவாத கை போகிறதா, இல்லையா?

வீட்டுக்குள் போனதும் யார், எங்கிருந்து, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, பை வைக்க இடம் கேளுங்கள். பிள்ளைகளும் கோழியும் வராத, வெளிச்சமுள்ள மூலை போதும். செய்தித்தாளை விரித்து அதன் நடுவில் பையை வையுங்கள். அந்தத் தாள், சோப்பு, கைத்துண்டு மூன்றும் வெளிப் பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். உள்ளறையில் அடுக்கிவிட்டால் அழுக்குக் கையோடு உள்ளே துழாவ வேண்டிவரும். பையின் சுத்தம் கெடாமல் கையாளும் முறையான பை டெக்னிக் அங்கேயே கெட்டது.

வாட்ச்சைக் கழற்றி, கை கழுவி, ஏப்ரன் கட்டிய பிறகுதான் உள்ளறை. வேண்டிய சாமான் அத்தனையையும் ஒரே தடவையில் எடுத்துவிட்டுப் பையை மூடுங்கள். நடுவில் பஞ்சு மறந்தது நினைவுக்கு வந்தால் மறுபடி கை கழுவித்தான் திறக்க வேண்டும். நேரம் போகும்தான், திருட்டுத்தனமாகக் கழுவாத கையை உள்ளே விடுவதற்கு அது எவ்வளவோ மேல். வேலை முடிந்ததும் சாமானைக் கழுவித் துடைத்து, கையையும் கழுவிய பின்பே உள்ளே வையுங்கள். கிளம்பும்போது, தரையைத் தொட்ட பக்கம் உள்ளே வரும்படி செய்தித்தாளை மடியுங்கள்.

சிறுநீர்ச் சர்க்கரைப் பரிசோதனையில் பெனடிக்ட் கரைசல் 5 மில்லி, சிறுநீர் 8 சொட்டு. கரைசலை முதலில் தனியாகக் கொதிக்க வையுங்கள். அப்போதே நிறம் மாறினால் கரைசல் கெட்டுப்போனது என்று பொருள். நீலமாகவே இருந்தால் சிறுநீரை விட்டு மீண்டும் கொதிக்க வைத்து, ஆறிய பின் பாருங்கள். நீலம் என்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று அளவு ஏறும். டெஸ்ட் டியூபின் வாய் உங்களையோ வீட்டாரையோ பார்க்கக் கூடாது, பொங்கித் தெறிக்கும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்கத் தோதான ஒரு கேள்வி: பால் கொடுக்கும் தாய்க்கு நிறம் மாறினால் நீரிழிவா? அவசியமில்லை. பால் சர்க்கரையான லாக்டோஸும் பெனடிக்ட்டை மாற்றும். ரத்தச் சர்க்கரை பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

பிரசவத்துக்குப் பிந்தைய வீட்டுச் சந்திப்பு என்றால் முதலில் குழந்தை, பிறகு தாய். சமுதாய சுகாதாரத் தொண்டரான ஆஷா பணியாளரின் பச்சிளங்குழந்தைச் சந்திப்புகள் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வரும். வீட்டிலேயே பிறந்த குழந்தைக்கு முதல் நாளும் சேரும். குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ மூச்சை எண்ணிவிடுங்கள். துணியை அவிழ்த்து எடை போட்டு, அது வீறிட்டு அழுத பிறகு எண்ணினால் பயனில்லை. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது இங்கே ஆகாது. பச்சிளங்குழந்தையின் மூச்சு சீராக வராது, இடையில் சற்று நின்று நின்று வரும். முழு 1 நிமிடம் வயிற்றின் அசைவைப் பார்த்து எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு தடவை எண்ணுங்கள். அப்போதும் அப்படியே வந்தால் அது வேக மூச்சு, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியது. எடை போடுமுன் காலித் தொட்டிலோடு தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறப்பவர்கள் நிறையப் பேர். தொப்புளில் வீட்டார் எண்ணெயோ மஞ்சளோ சாம்பலோ வைத்திருந்தால் பாட்டியைத் திட்ட வேண்டாம், “இனிமேல் ஒன்றும் வைக்காமல் காய விடுங்கம்மா” என்றால் போதும்.

பதிவேட்டை அந்த வீட்டிலேயே எழுதுங்கள். “குழந்தை நலம்” என்ற வரியால் அடுத்து வருபவருக்கு எதுவும் தெரியாது. “மூச்சு 48, அக்குள் வெப்பம் 36.8, தொப்புள் காய்ந்துள்ளது, நேற்று முதல் 7 தடவை சிறுநீர் கழித்தது” என்று எழுதி, அடுத்து வரும் தேதியைத் தாயிடமும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.