தொப்புளுக்கு மேலே ஒரு கன்றல்

2024 மே 6, திங்கள்

நேற்று மாலையிலிருந்து மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். வாயுத் தொல்லை என்றெண்ணி ஓமத்தண்ணீர் கொடுத்தேன்; தெருமுனைக் கிளினிக்கிலும் அதையே சொல்லி மாத்திரை தந்து அனுப்பினார்கள். இரவெல்லாம் வாந்தி. மல்லாந்து படுத்தால் வலி கூடுவதாகவும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றே தணிவதாகவும் சொன்னான். காலையில் மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் அவன் சட்டையை உயர்த்தினார். தொப்புளுக்கு மேலே, நாணயமளவில், வளையமாகக் கன்றியிருந்தது. “தம்பி, சைக்கிள்ல விழுந்தியாப்பா?” என்று கேட்டார். சனிக்கிழமை விழுந்தபோது ஹேண்டில்பார் முனை குத்தியதையும், அப்பா சைக்கிளைப் பூட்டிவிடுவார் என்று பயந்து மறைத்ததையும் அழுதுகொண்டே சொன்னான். அப்படி மிரட்டி வைத்திருந்தவன் நான்தான்.

மே 7, செவ்வாய்

கணையம் சுரக்கும் லைபேஸ் என்ற செரிமான நொதி ரத்தத்தில் 60-க்குள் இருக்க வேண்டும், அவனுக்கு 1,140. கணையத்துக்குரிய வயிற்றுவலி, இயல்பின் உச்ச அளவைப் போல் மும்மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்த லைபேஸ் அல்லது அமைலேஸ் என்ற இன்னொரு நொதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தாலே திடீர்க் கணைய அழற்சி என்று உறுதிசெய்வார்களாம். கணையம் இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பின் குறுக்கே கிடப்பதால், முன்னாலிருந்து குத்தும் பொருள் அதை எலும்போடு சேர்த்து நசுக்கிவிடுகிறது. குடலுக்குப் போன பிறகு வேலை செய்யவேண்டிய செரிமான நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்து அதையே அரிக்கின்றன. சி.டி. ஸ்கேனில், நொதிகளைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் கணைய நாளம் அறுபடவில்லை என்று தெரிந்ததால் அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. டிரிப்ஸும் வலிமருந்தும் ஓடுகின்றன.

பக்கத்துப் படுக்கைச் சிறுமிக்கும் இதே நோய்தான், ஆனால் வலிப்புக்கான வால்புரோயேட் மருந்தால் வந்ததாம். பித்தப்பைக் கல், பொன்னுக்குவீங்கி, மரபணுக் கோளாறு என்று பிள்ளைகளுக்குக் காரணங்கள் பலவாம். குடிப்பவர்களுக்கு மட்டுமே வரும் நோய் என்று நான் நினைத்திருந்தது எவ்வளவு பெரிய தவறு!

மே 9, வியாழன்

கணையத்துக்கு ஓய்வு வேண்டும், பட்டினி போடு என்று ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் வற்புறுத்தினார். முன்பு மருத்துவர்களும் அப்படித்தான் செய்தார்களாம். இப்போது வாந்தி நின்று பிள்ளை பசி என்று கேட்டால் ஓரிரு நாளிலேயே வாய்வழி உணவைத் தொடங்கிவிடுகிறார்கள். அரை இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தின்றான். வலி திரும்பவில்லை.

ஜூன் 7, வெள்ளி

நான்கு வாரம் கழித்துக் கணையத்தருகே நீர்க்கட்டி திரளக்கூடும் என்பதால் மீண்டும் ஸ்கேன் எடுத்தோம்; கட்டி இல்லை. திரும்பும் வழியில் ஹேண்டில்பாரின் இரு முனைகளுக்கும் புதிய ரப்பர் உறை வாங்கி, அவனையே மாட்டச் சொன்னேன்.