அந்தோனியாரிடம் கூட்டிப்போ என்றார் அக்கா

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோயிலுக்கு வருகிறவர்களில் யார் கத்தோலிக்கர், யார் சைவர், யார் பௌத்தர் என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. நெற்றியில் திருநீறோடு ஒருவர் முழந்தாளிட்டிருப்பார். வெள்ளைச் சேலை உடுத்த சிங்கள அம்மா ஒருவர் அந்தோனியாரின் சுரூபத்தை, அதாவது திருவுருவச் சிலையை, மூடிய கண்ணாடியைத் தொட்டுத் தலையில் ஒற்றிக்கொள்வார். பொன்னம்பலவாணேசர் கோயில் அருகிலேயே இருப்பதால் இரண்டையும் ஒரே நடையில் கும்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்களும் உண்டு. காணாமற்போன நகை, கிடைக்காத விசா, பொருந்தாத கலியாணம் என்று எல்லோருக்கும் அந்தோனியாரிடம் கேட்க ஏதோ ஒன்று இருக்கிறது.

என் பெறாமகளை நான் அங்கே கூட்டிப்போனதும் இந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான். குறைந்தது, அக்காவின் கணக்கில் அப்படி. பிள்ளை எங்களோடு வெள்ளவத்தையில் தங்கி, கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். வார இறுதிகளில், அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸின் வழியில் வாழும் பிரான்சிஸ்கன் சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லமொன்றுக்கு உதவிக்குப் போகத் தொடங்கியவள், கொஞ்சக் காலத்தில் 'நானும் அவர்களோடு சேரப்போகிறேன்' என்றாள். மன்னாரில் இருக்கும் அக்காவுக்கு அவள் ஒரே மகள். பக்கத்து வீட்டுப் பிள்ளை கன்னியாஸ்திரியாகப் போனால் பூசைக்குப் போய்ப் பூமாலை போடுகிற ஊர்தான் அது. தன் வீட்டுப் பிள்ளை என்றால் கதை வேறு.

"அவளை அந்தோனியாரிட்டக் கூட்டிக்கொண்டு போ. அவர் நல்ல புத்தி குடுப்பார்" என்று போனில் உத்தரவு வந்தது. பிரான்சிஸ்கன் ஆகாமல் தடுக்க ஒரு பிரான்சிஸ்கனிடமே அனுப்புகிறோம் என்பது அக்காவுக்கு உறைக்கவில்லை. நான் சுட்டிக்காட்டவும் இல்லை.

100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை வரை போய், அங்கிருந்து ஓட்டோ பிடித்தோம். கோயிலை நெருங்கும்போதே மெழுகுதிரிக் கடைகளும் பூக்கடைகளும் தொடங்கிவிடும். உள்ளே இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அவசரப்பட்டுப் பயனில்லை.

இந்தக் கோயிலின் கதையைச் சின்ன வயதில் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1543இல் கோட்டே அரசுக்கு வந்திறங்கிய பிரான்சிஸ்கன் துறவிகளோடுதான் இலங்கையில் கத்தோலிக்க மறைபரப்பு ஒழுங்காகத் தொடங்கியது. 1656இல் கொழும்பு, கத்தோலிக்கத்தைத் தடைசெய்த ஒல்லாந்தர் கைக்குப் போனதும் குருக்கள் நடமாடவே முடியாமல் போயிற்று. அந்தக் காலத்தில் கொச்சியிலிருந்து அந்தோனியோ என்றொரு குரு வியாபாரி வேடத்தில் வந்து மறைவாகப் பூசை வைத்தார். கடல் கரையை அரித்துக் குடிசைகளை விழுங்கத் தொடங்கியபோது மீனவர்கள் அவரிடம் ஓடினார்களாம். அவர் மணலில் ஒரு சிலுவையை நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது, அந்த இடத்தில் மண்ணால் ஒரு சின்னக் கோயில் எழுந்தது என்பது மரபு. சுரூபம் 1822இல் கோவாவிலிருந்து வந்தது. இன்றுள்ள பெரிய கோயில் 1834இல் அர்ச்சிக்கப்பட்டது.

பிள்ளை எதுவும் கேட்கவில்லை. சுரூபத்தின் முன்னால் நின்று அந்தப் பழுப்பு உடுப்பையும் இடுப்புக் கயிற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சின்னம்மா, இவர் முதலில் வேறு சபையில இருந்தவர் தெரியுமா?" என்றாள். தெரியாது. ஆயுள் முழுக்க அவரிடம் ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவரைப்பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

வெளியே வந்து நிழலில் நின்றபடி அவள் சொன்னதையும், பின்னர் நான் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பதுவை அந்தோனியார் என்று அழைத்தாலும் அவர் இத்தாலியின் பாதுவா நகரத்துக்காரர் அல்ல. 1195 அளவில் லிஸ்பனில் பிறந்தவர், பெயர் பெர்னாந்து. இளவயதிலேயே அகுஸ்தினார் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் மடமொன்றில் சேர்ந்து, கொயிம்ப்ராவில் வேதாகமம் படித்துக் குருவானவர். மரியாதையான வாழ்க்கை, நல்ல நூலகம். அந்த மடத்துக் கதவைச் சில ஏழைப் பிரான்சிஸ்கன்கள் வந்து தட்டிப் பிச்சை கேட்பார்கள். 1220இல் மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன்களின் உடல்கள் கொயிம்ப்ராவுக்குக் கொண்டுவரப்பட்டன. அதைப் பார்த்த பெர்னாந்து இருந்த சபையை விட்டு இவர்களோடு சேர்ந்தார். தானும் மொரோக்கோ போய்ச் சாக வேண்டும் என்பதுதான் அவருடைய நிபந்தனை.

போனார். போனதும் காய்ச்சலில் விழுந்தார். மாதக்கணக்கில் படுக்கை. சரி, திரும்புவோம் என்று கப்பலேறினால் காற்று அதைச் சிசிலியில் கொண்டுபோய்த் தள்ளியது. 1221இல் அசிசியில் பிரான்சிஸ்கன்கள் எல்லோரும் கூடிய பெரிய கூட்டத்துக்குப் போனார். கூட்டம் முடிந்து ஒவ்வொரு தலைவரும் தமக்கு வேண்டிய சகோதரர்களைத் தெரிந்து கூட்டிப்போனபோது, இந்தப் புது ஆளை யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒருவர் இரங்கி மலைத் துறவகமொன்றுக்கு அனுப்பினார். அங்கே பூசை வைத்ததும் பாத்திரம் கழுவியதும்தான் வேலை. 1222இல் ஃபோர்லி நகரில் ஒரு குருப்பட்ட விழா. பிரசங்கிக்க ஒருவரும் ஆயத்தமாக வரவில்லை, 'நீர் ஏதாவது சொல்லும்' என்று இவரைத் தள்ளிவிட்டார்கள். அன்றுதான் அந்தோனியார் யாரென்று மற்றவர்களுக்குத் தெரிந்தது. அதன்பின் ஒன்பது ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்தார். 1231 ஜூன் 13 அன்று பாதுவாவுக்கு அருகில் இறந்தார். ஒரு வருடத்துக்குள் புனிதர் பட்டம்.

எனக்கு இதில் பிடித்தது பிரசங்கம் அல்ல, பாத்திரம் கழுவிய அந்த மாதங்கள். கடவுளின் அழைத்தல் என்றால் வானத்திலிருந்து குரல் கேட்கும், பிறகு நேர்ப்பாதை என்றுதான் மறைக்கல்வியில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். இவர் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. இடையில் எங்கே இருக்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்குமா?

காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தரும் புனிதர் என்ற பெயர் அவருக்கு எப்படி வந்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது. துறவறப் பயிற்சி முடியாமலே சபையை விட்டு ஓடிப்போன நவசந்நியாசி ஒருவன் அந்தோனியாரின் வேதாகமச் சங்கீதப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். கையால் எழுதிய, அவருடைய குறிப்புகள் நிறைந்த புத்தகம். அவர் செபித்தார். பையன் மனம் மாறிப் புத்தகத்தோடு திரும்பி வந்து மறுபடியும் சபையில் சேர்ந்தான். எங்கள் மோதிரத்துக்கும் திறப்புக்கும் மெழுகுதிரி கொளுத்துகிறோமே, அந்தப் பழக்கத்தின் அடியில் இருப்பது துறவறத்தில் நிற்பதா போவதா என்று தடுமாறிய ஒரு பையனின் கதை.

கோயிலில் 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்பில் இறந்தவர்களுக்கான நினைவிடத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். திருத்த வேலைகள் முடிந்து அதே வருடம் ஜூன் 12, திருவிழாவுக்கு முதல்நாள், கோயில் மீண்டும் அர்ச்சிக்கப்பட்டது. சாவைத் தேடிப் போன அந்தோனியாருக்கு அது கிடைக்கவில்லை. பூசை காண வந்த குடும்பங்களுக்குத் தேடாமலே வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு யாராவது பிரசங்கம் வைத்தால் எனக்குக் கோபம்தான் வரும். நானும் முடிச்சுப் போடவில்லை. அங்கே நின்றபோது பிள்ளை அழுதாள், அவ்வளவுதான்.

பின்னேரம் அந்த முதியோர் இல்லத்து மடத்துக்குப் போனோம். அக்காவிடம் முன்கூட்டிச் சொல்லாத பகுதி இது. அழைத்தலுக்குப் பொறுப்பான சிஸ்டர் அறுபதைத் தாண்டியவர், கையில் மிளகாய்த் தூள் மணத்தோடு வந்தார். உபதேசம் எதிர்பார்த்துப் போன எனக்கு அவர் கேட்ட கேள்விகள் விசித்திரமாக இருந்தன. இரவில் நன்றாக நித்திரை வருமா? யாராவது பிழை சொன்னால் எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய்? வீட்டில் எதையாவது விட்டு ஓடி வருகிறாயா? கடன் இருக்கிறதா?

பிள்ளை போனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பதைச் சொன்னாள். "முதலில் அதைக் கட்டி முடியுங்கோ" என்றார் சிஸ்டர், சிரிக்காமல். தீர்க்க முடியாத கடனுள்ளவர்களை நவதுறவகத்தில், அதாவது துறவறப் பயிற்சியில், சேர்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறதாம்.

"ஏன் வரப் பார்க்கிறாய்?" என்று கேட்டபோது அவள் சொன்ன பதில் எனக்கும் புதிது. இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறாராம், யாரையும் கிட்ட விடமாட்டார், ஏசுவார், துப்புவார். முதல் நாள் இவளுக்கு அருவருப்பில் வாந்தி வந்ததாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கால் நகத்தை வெட்டிவிட்டபோது அது போய்விட்டது. "செபிக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை, சிஸ்டர். அங்கேதான் தோன்றியது."

சிஸ்டர் உள்ளே போய் ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொண்டுவந்தார். 1226இல் தன் கடைசிக் காலத்தில் பிரான்சிஸ் சொல்லி எழுதுவித்த மரண சாசனத்தின் தொடக்கம். தொழுநோயாளரைப் பார்ப்பதே தனக்குக் கசப்பாக இருந்ததாகவும், ஆண்டவரே தன்னை அவர்கள் நடுவே கொண்டுபோனதாகவும், கசந்தது பின்னர் இனித்ததாகவும் அவர் அதில் சொல்கிறார். பெரிய காட்சிகளையெல்லாம் விட்டுவிட்டு இதைத்தான் முதலில் வைக்கிறார். அசிசிக்கு அருகே பாழடைந்த சான் தமியானோ கோயிலில் இருந்த சிலுவை 'என் வீட்டைப் பழுதுபார்' என்று பேசியபோது, அவர் உண்மையாகவே கல்லும் சுண்ணாம்பும் தேடிப் போனவர். என்ன கேட்கப்பட்டது என்று விளங்க அவருக்கும் சில வருடங்கள் பிடித்தன.

"பாதி விளங்கினாலும் போதும், வேலையைத் தொடங்கலாம்" என்றார் சிஸ்டர்.

பிறகு எனக்காக, அல்லது என் மூலமாக அக்காவுக்காக, படிகளைச் சொன்னார். முதலில் வந்து தங்கிப் பார்ப்பது. அதன்பின் ஆயத்த காலம். நவதுறவகம் குறைந்தது 12 மாதம், அதில் எந்த நாளும் எழுந்து வீட்டுக்குப் போகலாம், சபையும் அனுப்பலாம். பிறகு ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளும் தற்காலிகமாக, குறைந்தது மூன்று வருடம், தேவையானால் ஒன்பது வரை. அதற்குப் பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளையை ஒரு மணி நேரம் பார்க்க விட்டாலே பெரிய விஷயம் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தவர்களைப் பற்றி ஊர் கதைக்குமே என்று கேட்டேன். அக்காவின் பயத்தில் பாதி அதுதான். அதற்குச் சிஸ்டர் சொன்ன கதை நம் பக்கத்துக் கதை. கொழும்பில் பிரான்சிஸ்கன் சகோதரிகள் என்றால் பழைய ஆட்களுக்குப் பெரியாஸ்பத்திரிதான் நினைவு வரும். மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் அங்கே பல காலம் நோயாளரைப் பார்த்தார்கள். அந்தச் சபையைத் தொடங்கிய எலன் என்ற பிரெஞ்சுப் பெண் முதலில் சேர்ந்தது பிரான்சிஸின் குடும்பத்தைச் சேர்ந்த கிளாரா மடத்தில். நோயால் வெளியே வர வேண்டியதாயிற்று. பிறகு வேறொரு சபையில் சேர்ந்தார், அது அவரை 1865இல் மதுரைக்கு அனுப்பியது. அங்கே பிணக்குகள் மூண்டு, அவரும் இன்னும் பல சகோதரிகளும் பிரிந்து ஊட்டிக்குப் போனார்கள். 1877 ஜனவரி 6 அன்று புதிய சபைக்கு அனுமதி கிடைத்தது. பிரான்சிஸின் குடும்பத்தில் அவர் மறுபடி சேர்ந்தது 1882இல். முதல் மடத்தை விட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல். 2002இல் திருச்சபை அவரை அருளாளர் என்று, புனிதர் பட்டத்துக்கு முந்திய படிக்கு, உயர்த்தியது.

"திரும்பி வந்தவள் என்று அவவையும் ஊர் கதைச்சிருக்கும்" என்றார் சிஸ்டர். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

வரும் வழியில் பிள்ளை, பிரான்சிஸ் அந்தச் சிலுவையின் முன்னால் சொன்ன செபத்தை எனக்குச் சொல்லித் தந்தாள். சின்னச் செபம். மனத்தின் இருட்டைப் போக்கும், நேரான விசுவாசமும் உறுதியான நம்பிக்கையும் நிறைவான அன்பும் தாரும் என்று கேட்கிறது. நான் என்னவாக வேண்டும் என்ற கேள்வியே அதில் இல்லை. நானோ அன்று காலை மெழுகுதிரி கொளுத்தி, 'ஆமா இல்லையா, ஒன்றைச் சொல்லிவிடும்' என்று அந்தோனியாரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன்.

இரவு அக்காவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன், மடத்துக்குப் போனதையும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கணக்குப் போடத் தொடங்கினார். தங்கிப் பார்ப்பது இத்தனை, நவதுறவகம் இத்தனை, அதற்குப் பிறகும் ஒன்பதா? "எப்பவும் வீட்ட வரலாம் எண்டு சிஸ்டரே சொன்னவாவா?" என்று இரண்டு தரம் கேட்டார். சொன்னார் என்றேன். ஞானஸ்நான, உறுதிபூசுதல் சான்றிதழ்கள் தேவைப்படும் என்பதையும் சொன்னேன். பங்குத்தந்தை இந்த மாதம் ஊரில் இல்லையாம், அவசரம் என்ன என்றார் அக்கா. அவசரம் இல்லைதான். போன் தவணை முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையோடு நானும் முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். நகம் வெட்ட ஆள் போதவில்லையாம்.