அண்ணா வருவான் எண்டு சொன்ன சபை

நாங்கள் போய்க்கொண்டிருந்த கிறிஸ்தவ ஜெபச் சபையை விட்டு வெளிய வந்து கொஞ்ச வருசமாப் போச்சு, ஆனா இப்பவும் ஆரும் கண்டாக் கேக்கிற முதல் கேள்வி "படிச்ச பிள்ளை நீ, உன்னை எப்பிடியடி உவங்கள் ஏமாத்தினவங்கள்?" எண்டுறதுதான். கேக்கிற கனபேர், சண்டை முடிஞ்சு 2010ல நாங்கள் ஊருக்குத் திரும்பி வரேக்க எங்கட படலையத் திறந்து "எப்பிடி இருக்கிறியள்" எண்டு ஒரு வார்த்தை கேக்காத ஆக்கள். அதைச் சொன்னா மூஞ்சை கறுக்கும். ஆனா கதை அங்கயிருந்துதான் தொடங்குது, நான் என்ன செய்ய.

சண்டை முடியச் சனத்தை அடைச்சு வைச்ச வவுனியா மெனிக்பாம் முகாமில இருந்து எங்களைக் கொண்டுவந்து ஊரில விடேக்க, கிளிநொச்சிப் பக்கம் தருமபுரத்துக்கு உள்ள எங்கட காணியில வீடு இருந்த இடத்தில அத்திவாரமும் கருகின ஒரு தென்னையும்தான் கிடந்தது. தகரம் குடுத்தாங்கள், தறப்பாள் குடுத்தாங்கள், கொஞ்சக் காசும் குடுத்தாங்கள். அப்பா மாத்தளனில செல் விழுந்து முடிஞ்சுது. அண்ணா 2009 வைகாசியில, வட்டுவாகல் பாலம் தாண்டினாப் பிறகு ஆமி பேர் பதியக் கூப்பிட்ட வரிசையில போய் நிண்டவன், அதோட சரி. அம்மா, அம்மம்மா, நான், மூண்டு பொம்பிளையள் ஒரு தகரக் கொட்டிலுக்க.

அந்த நேரம் எங்களிட்ட வந்து அண்ணாவைப் பற்றிக் கேட்ட ஆக்கள் இல்லாமலில்லை. போர்ம் நிரப்ப வந்தவை, பேர், வயசு, அடையாள அட்டை இலக்கம், கடைசியாக் கண்ட இடம் எல்லாம் கேட்டவை, எழுதிக்கொண்டு போனவை. இந்தச் சபையின்ர பாஸ்டரும் ஒருநாள் மோட்டச்சைக்கிளில வந்தார். கதிரை இல்லை, மணலுக்கயே சப்பாணி கட்டி இருந்தார். அண்ணான்ர பேரைக் கேட்டார், சின்னக் கொப்பி ஒண்டில எழுதினார், பிறகு "தம்பி என்ன சாப்பாடு விருப்பமாச் சாப்பிடுவார் அம்மா?" எண்டு கேட்டார். அம்மா ஒரு நிமிசம் பேசாம இருந்திட்டு "முருங்கைக்காயும் றாலும் போட்டுக் குழம்பு வைச்சாச் சட்டிய வழிச்சுத் திண்டுபோடுவான்" எண்டு சொல்லிப்போட்டு அழத் தொடங்கினவதான், பின்னேரம் மட்டும் அழுதவ. முகாமில கூட நான் அம்மா அப்பிடி அழுது காணேல்லை. அவரும் எழும்பிப் போகேல்லை. அந்த ஒரு கேள்விக்காக நாங்கள் பேந்து பத்து வருசத்துக்குக் கிட்ட விலை குடுத்தனாங்கள், ஆனா அந்தக் கேள்வியை அவரைத் தவிர வேற ஆரும் கேக்கேல்லை எண்டதும் உண்மைதான்.

முதல் ஒரு வருசம் சபை நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. எனக்குக் கொப்பி, புத்தகப் பை, பழைய லேடீஸ் சைக்கிள் ஒண்டு. ஞாயிறு ஆராதனை, புதன் வேதபாடம், வெள்ளி உபவாசம், மாசக் கடைசியில முழு இரவு ஜெபம். கீபோர்ட், சவுண்ட் பொக்ஸ், பிளாஸ்ரிக் கதிரை, பாட்டு. செத்தவீடு மாதிரிக் கிடந்த ஊரில கைதட்டிப் பாடுற ஒரே இடம் அதுதான். கத்தோலிக்கச் சனம், மெதடிஸ்ட் சனம், தென்னிந்தியத் திருச்சபைச் சனம் எல்லாம் வன்னியில எப்பவோ இருந்து இருக்கினம், அவையோட எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, ஊரில ஆக்கள் எல்லாரையும் ஒரு சாக்கில போட்டு "அல்லேலூயாக் கூட்டம்" எண்டுறது சரியான பிழை. நான் கதைக்கிறது, மேல ஒரு ஆயரும் இல்லாம, கேக்க ஒரு கமிட்டியும் இல்லாம, ஒரு மனுசனும் அவற்ற மனுசியும் நடத்தின ஒரு சபையைப் பற்றி.

அண்ணாவைப் பற்றின முதல் தீர்க்கதரிசனம் வந்தது ஒரு உபவாச ஜெபத்தில. பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, "நீலச் சேட்டுப் போட்ட ஒரு மகன், வலது முழங்காலில ஒரு தழும்பு, இருட்டான ஒரு இடத்தில இருக்கிறார், கர்த்தர் சொல்லுறார் அவர் உயிரோட இருக்கிறார்" எண்டார். அம்மா அப்பிடியே நிலத்தில விழுந்திட்டா. எனக்கும் உடம்பெல்லாம் புல்லரிச்சுது. அண்ணா கடைசியாப் போட்டிருந்தது நீலச் சேட்டு. சைக்கிளால விழுந்த தழும்பு வலது முழங்காலில. கனகாலத்துக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது, அதுக்கு முதல் ஒருநாள் எங்கட கொட்டில் வாசலில இருந்து பாஸ்டரம்மாவும் அம்மாவும் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டு கதைச்சவை, பாஸ்டரம்மா "என்ன உடுப்போட போனவன் அக்கா, அடையாளம் ஏதும் இருக்கோ" எண்டு கேட்டவ, அம்மா ஒண்டு விடாமச் சொன்னவ. நான் பக்கத்தில இருந்து தோல் பொறுக்கினனான்.

இனித்தான் விசயம். ஒவ்வொரு மார்கழி 31 இரவும் வாக்குத்தத்தம் எண்டு ஒரு வசனம் அச்சடிச்ச அட்டை குடுப்பினம், எங்கட வீட்டுக்கு மட்டும் மேலதிகமா ஒரு வசனம் வாயால வரும்: இது தம்பி திரும்பி வாற வருசம். வருசம் முடியும், ஆள் வராது. வராட்டிப் பிழை சொன்னவரில இல்லை, வீட்டுக்க ஏதோ தடை இருக்கு எண்டு வரும். முதல் தடை அம்மம்மான்ர நாகதம்பிரான் படம். மனுசி புளியம்பொக்கணைப் பொங்கலுக்கு நடந்துபோய் நேத்தி வைச்ச ஆள், மெனிக்பாமுக்கும் உடுப்புப் பொதிக்க வைச்சுக் கொண்டுபோன படம் அது, அதை எடுத்து எரிச்சினம். அடுத்த வருசம் என்ர பொட்டும் தோடும். பிறகு ரிவி. பிறகு அம்மம்மான்ர செத்தவீட்டில நாங்கள் எட்டுச்செலவுச் சாப்பாடு சாப்பிட்டது. பிறகு நான் கம்பஸ் போக நினைக்கிறது. ஒவ்வொரு முறையும் நாங்கள் ஒண்டைக் குடுத்தம், குடுக்கக் குடுக்க இன்னும் கிட்ட வந்திட்டான் எண்டு அம்மா நம்பினா. கடைசியா ஒண்டைக் குடுக்க மாட்டன் எண்டு சொன்னா, இவ்வளவு நாளும் குடுத்தது எல்லாம் வீண், அண்ணா வராததுக்கு நான்தான் காரணம் எண்டு ஆகிடும். இந்தக் கணக்குக்க மாட்டுப்பட்ட ஆக்களுக்குத்தான் விளங்கும், அது படிப்புச் சம்பந்தப்பட்ட விசயமே இல்லை.

காசுக் கதையும் இருக்கு. பைபிளில மல்கியா மூண்டாம் அதிகாரம் எங்கட சபையில சின்னப் பிள்ளையளுக்கும் பாடம். தசமபாகம் குடுக்காதவன் தேவனிட்டயே களவெடுக்கிறான் எண்டு. நான் காமன்ஸ் எண்டுற உடுப்புத் தைக்கிற பக்டரி வேலைக்குப் போகத் தொடங்கினாப் பிறகு சம்பளச் சிலிப்பைக் கொண்டுபோய் பாஸ்டரம்மாட்டக் காட்டோணும், மேலதிக நேர வேலைக்கு வாற ஓரீ காசுக்கும் சேத்துப் பத்தில ஒண்டு. அதுக்கு மேல காணிக்கை, அதுக்கு மேல கட்டட நிதி. கட்டட நிதிக்கு அம்மா கிழமைக்குக் கிழமை கட்டுற நுண்கடன் எடுத்தவ. 2018ல வறட்சி பாதிச்ச மாவட்டங்களில பொம்பிளையள் எடுத்துக் கட்டேலாமக் கிடந்த, ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனுகளை அரசாங்கம் தள்ளுபடி செய்தது, மங்கள சமரவீர நிதி அமைச்சரா இருந்த நேரம். அம்மான்ர கடனும் அதுக்க போச்சு. அடுத்த ஞாயிறு அம்மாவை மேடையில ஏத்தி, தசமபாகம் ஒழுங்காக் குடுத்ததால கர்த்தர் கடனை அடைச்சார் எண்டு சாட்சி சொல்ல வைச்சினம். கடன் எடுத்ததே சபைக்குக் குடுக்கத்தான் எண்டு சொல்ல ஆருக்கும் வாய் வரேல்லை. அதே வருசம் மார்கழியில இரணமடுக் குளத்துக் கதவுகளைத் திறந்து எங்கட பக்கமெல்லாம் வெள்ளம் வந்தது, ஊரின்ர பாவத்துக்குத் தண்டனை எண்டு பிரசங்கம் நடந்தது, சபைக் கொட்டிலுக்கயும் முழங்கால் அளவு தண்ணி நிண்டதைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

எனக்கு இப்பவும் மனம் ஆறாத ஒண்டு இருக்கு. 2017 மாசி 20ம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர அம்மாக்கள் கொட்டில் போட்டு இருக்கத் தொடங்கினவை. அம்மாவும் அண்ணான்ர படத்தைக் கொண்டு பஸ் ஏறிப் போகத் தொடங்கினா. அங்க போய்வாற நாளில அம்மா வேற ஆள். சோறு போட்டுச் சாப்பிடுவா, மற்ற அம்மாக்களின்ர கதையள் சொல்லுவா, ஆர்ர பெடியன் எங்க நிண்டவன் எண்டு விலாவாரியா. அது பாஸ்டற்ர காதுக்குப் போச்சு. "உயிரோட இருக்கிறான் எண்டு கர்த்தர் சொன்னாப் பிறகு அரசாங்கத்திட்டப் போய் எங்க எண்டு கேக்கிறது அவிசுவாசம், அதுவும் விக்கிரகக் கோயில் வாசலில இருந்துகொண்டு" எண்டார். அம்மா போறதை விட்டிட்டா. அந்தக் கொட்டிலில இருந்த எத்தினையோ அம்மாக்கள் பதில் தெரியாமலே செத்துப் போட்டினம். அவையோட இருந்திருக்க வேண்டிய காலத்தை அம்மா சபைக் கொட்டிலில, நாலு சுவருக்க, கைய உயர்த்திக்கொண்டு கழிச்சா. காசை மன்னிச்சாலும் இதை என்னால மன்னிக்க ஏலாது. மன்னிக்கோணும் எண்டு வசனம் அனுப்பிற ஆக்கள் தயவுசெய்து அனுப்பாதேங்கோ, எனக்கு எல்லாம் பாடம்.

வெளிய வந்த கதை பெரிய கதை இல்லை. 2020 பங்குனியில கொரோனா ஊரடங்கு போட்டாங்கள். சபை பூட்டு. புதன் இல்லை, வெள்ளி இல்லை, ஏன் வரேல்லை எண்டு கேட்டு வீட்டுக்கு வர ஆருக்கும் பாஸ் இல்லை. எத்தினையோ வருசத்துக்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமை விடிய எட்டு மணி மட்டும் நித்திரை கொண்டன். வட்ஸ்அப்பில பிரசங்கம் வரும், அதோட சேந்து காணிக்கை போடச் சொல்லி பாங்க் எக்கவுண்ட் இலக்கமும் வரும். வேலை இல்லை, சம்பளம் அரைவாசி, இலக்கம் மட்டும் தவறாம வரும். சும்மா இருந்த நேரத்தில பைபிளை முதல் தரமா நானா வாசிச்சன், ஆரும் வசனம் சொல்லித் திருப்பாம. அனனியா சப்பீராள் கதை, காணி வித்த காசில கொஞ்சத்தை ஒளிச்சதால செத்து விழுந்த புருசன் பெண்சாதி, அதை எத்தினை தரம் எங்களுக்குச் சொல்லி வெருட்டியிருப்பினம். அப்போஸ்தலர் அஞ்சாம் அதிகாரத்தை எடுத்துப் பாத்தா, பேதுரு அந்த மனுசனிட்டக் கேக்கிறது, விக்க முதல் அது உன்ரதானே, வித்தாப் பிறகும் காசு உன்ர கையிலதானே இருந்தது எண்டு. குடுக்காததுக்கு இல்லை, பொய் சொன்னதுக்குத்தான் அந்தக் கதை. அந்த நாலாம் வசனம் எங்கட சபையில ஒருநாளும் வாசிச்சுக் கேட்டதில்லை. பிறகு உபாகமம் 18. கர்த்தர் பேரால ஒருத்தன் சொல்லி அது நடக்காட்டி, அது கர்த்தர் சொன்னதில்லை, அவனுக்கு நீ பயப்பட வேண்டாம். அந்த இடத்தில பைபிளை மூடி வைச்சிட்டு முத்தத்தில கனநேரம் நடந்தன்.

திரும்பச் சபை திறக்க நான் போகேல்லை. போகேல்லை, அவ்வளவுதான். முதல் பாஸ்டரம்மா போன் எடுத்தா, பிறகு வாலிபக் குழு வந்தது, பிறகு பாஸ்டர் வந்து, ஊழியத்துக்கு இருக்கிற ஒரு தம்பிக்கு என்னைக் கலியாணம் கேக்கச் சொல்லிக் கர்த்தர் காட்டினவர் எண்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவரும் அதை எதிர்பாக்கேல்லை. அந்த ஞாயிறு என்ர பேரைச் சொல்லாம, எல்லாருக்கும் விளங்கிற மாதிரி, பின்மாற்றக்காரரோட, அதுதான் விசுவாசத்தை விட்டுப் போன ஆக்களோட, உறவு வைக்க வேண்டாம் எண்டு சொல்லியாச்சு. ஒண்டா ஒரே சைக்கிளில பள்ளிக்கூடம் போன பெட்டை, தருமபுரம் சந்தையில என்னைக் கண்டு கத்தரிக்காயைப் பொறுக்கிற மாதிரிக் குனிஞ்சிட்டா. பிறகு நான் ஸ்கூட்டியோட கிரவல் றோட்டில விழுந்து கை முறிஞ்சுது, அதுவும் சாட்சியாப் போச்சு, கீழ்ப்படியாததின்ர பலன் எண்டு. வன்னியில கிரவல் றோட்டில விழாத ஆள் ஆர் எண்டு கேக்கிறன்.

வெளிய வந்தாப் பிறகு மற்றப் பக்கத்து ஆக்களும் வந்தவை. ஒரு சைவ அமைப்பு எண்டு சொல்லிக்கொண்டு ரெண்டுபேர், மதமாற்றத்தைப் பற்றி மேடையில பேசச் சொல்லி, சால்வை எல்லாம் போடுவினமாம். 2010ல எங்க நிண்டனியள் எண்டு கேட்டன். தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போட்டினம்.

இப்ப உள்ளுக்க இருக்கிற ஆராவது இதை வாசிச்சா, ஒண்டு ரெண்டு சொல்லிறன். அடையாள அட்டை, பாங்க் புத்தகம், சேட்டிபிக்கற் எல்லாத்தையும் உங்கட கையில வைச்சிருங்கோ, "பாதுகாப்பா" எண்டு ஆருக்கும் குடுக்காதேங்கோ. வெளிக்கிடப் போறன் எண்டு அறிவிக்கத் தேவையில்லை, விளக்கம் சொல்லப் போனா ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணியே களைக்க வைச்சிடுவினம். வீட்டில ஒருத்தர் வெளிய வர மற்ற ஆள் உடன வராது, அதுக்காகச் சண்டை பிடிக்காதேங்கோ. அம்மா எனக்குப் பிறகு ஒரு வருசத்துக்கும் மேல போய்க்கொண்டு இருந்தவ, நான்தான் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கூட்டிக்கொண்டு வாறது, சந்தியில நிப்பன், உள்ளுக்கப் போகமாட்டன். ஒரு மார்கழி 31 இரவு அந்த மேலதிக வசனம் வரேக்க அம்மா எழும்பி "எந்த மாசம் ஐயா?" எண்டு கேட்டாவாம். அதுக்குப் பிறகு அவவைக் கொண்டுபோய் விடுற வேலை எனக்கு இல்லாமப் போச்சு.

அம்மா இப்ப கிளிநொச்சிக்குப் போறா, படத்தோட. மடு மாதாட்டயும் போவா, வற்றாப்பளை அம்மனிட்டயும் போவா, பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில நிண்டா இறங்கிக் கற்பூரமும் கொழுத்துவா, வீட்டுக்க இயேசுவின்ர படமும் தொங்குது. நான் ஒண்டும் கேக்கிறதில்லை. என்னட்ட மட்டும் "நீ ஒண்டையும் கும்பிடாம இருக்கிறாய், அதுவும் நல்லதுக்கில்லை" எண்டு பேச்சு விழும், கிழமைக்கு ஒருக்காலாவது விழும்.