அப்பாவின் வலது கை

அப்பாவின் வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடிக்க மட்டும்தான் முடியும், பிசைய முடியாது. அதனால் அம்மா சோற்றைப் பிசைந்து, உருண்டை உருட்டித் தட்டின் ஓரமாக அடுக்கி வைப்பார். வெளியூர்க் கல்யாணங்களில் அப்பா மோர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

1984, குறுவை அறுப்பு சமயம். கூலித் தகராறு. எனக்கு ஒன்பது வயது. விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டம் முடிந்து வாய்க்கால் கரையோடு சைக்கிளில் வந்தவரை வழிமறித்து வெட்டினார்கள். வெட்டியது யாரென்று ஊருக்கே தெரியும். சாட்சி சொல்லத்தான் ஆளில்லை.

எங்கள் ஊர் நாகப்பட்டினம் மாவட்டம், தேவூர்ப் பக்கம். தாத்தா பண்ணையில் சவுக்கடி பட்டவர், சாணிப்பால் குடிக்க வைக்கப்பட்டவர். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரே குடிசைக்குள் எரித்தபோது அப்பாவுக்கு 22 வயது. விடிந்ததும் அங்கே ஓடியிருக்கிறார். என்ன பார்த்தார் என்று இன்றுவரை எங்களிடம் சொன்னதில்லை. கூலியாகக் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதற்கு வந்த வினை அது. 1973இல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் மிராசுதார்களை, அதாவது பெரிய நிலக்காரர்களை, விடுதலை செய்த அன்று அப்பா சாப்பிடவே இல்லை என்று அம்மா சொல்வார்.

வருஷா வருஷம் நினைவு நாளுக்கு வெண்மணிக்குப் போகிறோம். தோழர்கள் அப்பாவின் கையைப் பிடித்து மேடையேற்றுவார்கள். அம்மா கீழே, பெண்களோடு உட்கார்ந்திருப்பார். அவரைப் பற்றி யாரும் பேசியதில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

அப்பாவை வெட்டிய பிறகு இரண்டு வருஷம் அம்மா படுத்துத் தூங்கவில்லை. பகலெல்லாம் நடவு, இரவில் வாசற்படியில் சாய்ந்தபடி உட்கார்ந்திருப்பார். மடியில் பித்தளைச் செம்பு நிறைய மிளகாய்ப்பொடி. ஒருநாள் நடுச்சாமத்தில் காலடிச் சத்தம். அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. விரலிடுக்கில் மிளகாய் நெடி, தும்மல் முட்டியது, அடக்கிக்கொண்டேன். வந்தது சித்தப்பா, மடை பார்க்கப் போனவர். தண்ணீர் கேட்டார். அம்மாவுக்குக் கை நடுங்கியது. மொண்ட தண்ணீர் பாதி தரையில்தான் விழுந்தது.

போன வாரம் அந்தச் செம்பைப் பற்றிக் கேட்டேன்.

"வாரத்துக்கு ஒருதரம் பொடிய மாத்திடுவேன். இல்லாட்டி காரம் போயிடும்ல."

"பழச என்னம்மா செய்வ?"

"கொட்டவா முடியும்? குழம்புல போடுவேன். நீங்கதான் சாப்பிட்டீங்க."