கிரவுனில் கடைந்த மோர்

என்னிடம் இருக்கும் பிக்கப் வண்டி 2009-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 2016-இல் இரண்டாம் கையாக வாங்கினேன். எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வாகனத்துக்கு ஆண்டுதோறும் எஃப்சி எனும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும் என்பதால், அதை எடைக்குப் போட்டுவிட்டு வேறு வண்டி பார்க்கலாமே என்ற பேச்சும் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் தவறாமல் எழுகிறது. நான் இதுவரை பிடிகொடுக்கவில்லை. எஞ்சினில் மின்னணுப் பெட்டி எதுவும் கிடையாது. பழைய முறை டீசல் பம்ப், நான்கு சிலிண்டர், கையில் ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் முக்கால்வாசி வேலையை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம் என்பதே நான் சொல்லும் காரணம்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில், காவிரிப் பாசனத்தின் கடைமடையில் இருக்கிறது. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கடைசியாக எட்டிப்பார்க்கும் இடமும், ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழைநீர் வடிய வழியில்லாமல் முதலில் தேங்கும் இடமும் இதுதான். கோரையாறும் பாமணியாறும் காயலில் போய்க் கலக்கும் பகுதி ஆகையால் காற்றிலேயே உப்பு உண்டு. இங்கே ஒரு வண்டியைக் கெடுப்பது அது ஓடிய கிலோமீட்டர் கணக்கைவிடத் தண்ணீர்தான் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய மூன்று மழைக்காலங்கள் தேவைப்பட்டன. எஞ்சின் ஆயில், ஃபில்டர், பெல்ட் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக் காலத்தில் மாற்றினால் போதும். அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. தண்ணீர் எந்தெந்த வழியாக உள்ளே போகிறது என்பதை எந்தக் கையேடும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

முதலில், பின் சக்கரங்களை இணைக்கும் அச்சான பின் ஆக்ஸிலைச் சொல்கிறேன். 2017-ஆம் ஆண்டு மழையில், வடிகால் வாய்க்கால் பொங்கிச் சாலையை மூடியிருந்தபோது, சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் முழுகும் அளவு தண்ணீரில் நான்கைந்து முறை வண்டியை ஓட்டிச் சென்றேன். எஞ்சினுக்குள் தண்ணீர் போகாதவரை கவலையில்லை என்பது அப்போதைய என் எண்ணம். தை மாதம் வைக்கோல் ஏற்றிச் சென்றபோது பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் வந்தது. மன்னார்குடிச் சாலையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், வண்டிக்கு அடியில் படுத்து ட்ரெயின் நட்டைக் கழற்றினார். கறுப்பாகவோ தேன் நிறத்திலோ வரவேண்டிய கியர் ஆயில், வெளுத்து நுரைத்து வந்தது. ஆக்ஸிலின் நடுவில் அந்த எண்ணெயில் சுழலும் பெரிய பற்சக்கரத்தைக் கிரவுன் என்போம். “தம்பி, கிரவுன்ல மோர் கடையிறீங்க போல” என்றார். அதற்கு மேல் அவர் திட்டவில்லை என்றாலும், அந்த ஒரு வாக்கியம் இன்றுவரை காதில் இருக்கிறது.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்பதை அவர்தான் விளக்கினார். ஒரு மணி நேரம் ஓடிய வண்டியில் ஆக்ஸில் கூட்டுக்குள் இருக்கும் எண்ணெயும் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. சுருங்கும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்றை உள்ளே விடுவதற்காகக் கூட்டின் மேற்புறத்தில் பிரீதர் என்ற சிறிய மூச்சுத் துளையை வைத்திருக்கிறார்கள். என் வண்டியில் அந்தத் துளை வயல் சேற்றால் அடைந்து, காய்ந்து, இறுகிப்போயிருந்தது. மூச்சுவிட வழியில்லாத கூடு, ஹப் பக்கத்து ஆயில் சீலின் வழியாகத் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வராமல் தடுப்பதுதான் சீலின் முதன்மையான வேலை. வெளியிலிருந்து இழுக்கப்படும் தண்ணீரைத் தடுப்பதில் அது அவ்வளவு கெட்டியில்லை. துளை சுத்தமாக இருந்தாலும் அதுவே தண்ணீருக்குள் முழுகினால் கதை அதேதான்.

அன்றைக்குப் பிறகு அந்தப் பிரீதரைக் கழற்றிவிட்டு, அதன் மரையில் பொருந்தும் ஒரு முனையை வாங்கிப் போட்டு, எண்ணெய்க்குத் தாங்கும் ரப்பர் குழாயைக் கிளிப் வைத்து இறுக்கி, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் ஓரமாகக் கொண்டுவந்து, கேபினின் பின்புறம் இடுப்புயரத்தில் கட்டிவிட்டேன். குழாயின் முனையைக் கீழ்நோக்கி வளைத்து, பூச்சி புகாமல் ஒரு சிறிய வலையும் சுற்றியிருக்கிறேன். மொத்தச் செலவு, ஒரு முறை கிரவுன் ஆயில் மாற்றும் செலவைவிடக் குறைவு. அதன் பிறகு எத்தனையோ முறை தண்ணீரில் இறங்கியாகிவிட்டது. எண்ணெய் நிறம் மாறவில்லை. ஆனாலும் ஒவ்வொரு மார்கழியிலும் நட்டைச் சற்றே தளர்த்திப் பார்க்கிறேன். வண்டி ஓரிரவு முழுக்க அசையாமல் நின்ற பின் பார்க்க வேண்டும், ஏனென்றால் தனியாக நிற்கும் தண்ணீர் அடியில் இறங்கியிருக்கும், முதலில் சொட்டுவதும் அதுதான்.

எண்ணெய் மாற்றுவதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் நான் நேரடியாக அடிபட்டிருக்கிறேன். அடி நட்டைத் திறந்து பழைய எண்ணெயை இறக்குவதற்கு முன்னால், மேலே ஊற்றும் துளையின் நட்டு கழன்று வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நான் அதைப் பார்க்காமல் எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டேன். மேல் நட்டு துருவேறி இறுகி, தலை மழுங்கி, அசைய மறுத்தது. எண்ணெய் இல்லாத ஆக்ஸிலோடு வண்டியைப் பட்டறை வரை ஓட்டவும் முடியாது. கடைசியில் அந்த அண்ணனே இருசக்கர வண்டியில் வந்து, மழுங்கிய தலையில் வேறொரு நட்டைப் பற்றவைத்து, அந்தச் சூட்டோடு திருப்பி எடுத்தார். மோர் ஆகிப்போன கூட்டை டீசல் ஊற்றிக் கழுவலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உள்ளே தங்கும் டீசல் புதிய எண்ணெயை நீர்க்கச் செய்யும். அதே தரத்துத் தொண்ணூறாம் எண் கியர் ஆயிலை ஊற்றிச் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சூடு இருக்கும்போதே வடித்து, மறுபடியும் புதிதாக ஊற்றுவதே நல்லது. செலவு இரட்டிப்பாகும், கிரவுன் தப்பும்.

இன்னொரு வழி, உப்பு. எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர் அகஸ்தியம்பள்ளி உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றியவர். வாங்கும்போது பெயின்ட் பளபளப்பாக இருந்ததைப் பார்த்து நான் அந்தத் தகவலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும் தன்மை கொண்டது. எங்கள் பகுதியில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டிவிடும். சேசிஸ் மடிப்புகளில் உப்புத் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும் வண்டி, கொட்டகைக்குள் நின்றாலும், கோடையிலும், ஒவ்வோர் இரவும் நனைகிறது என்றுதான் பொருள்.

சேசிஸை ஆராய எனக்குத் தெரிந்த சிறந்த கருவி ஒரு சிறிய சுத்தியல். தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று பேசும். துருப்பிடித்து அடுக்கடுக்காகப் பிரிந்த இடம் மண்பானை விரிசல் விட்டதுபோல் மந்தமாக ஒலிக்கும். பாரத்தையும் அதிர்வையும் தாங்கும் பின் கமான் பட்டைகள் தொங்கும் பிராக்கெட்டுக்கு மேலே, சேறும் வைக்கோல் தூளும் சேர்ந்து கெட்டிப்பட்டுத் தண்ணீர் வடியும் துளைகள் அடைந்துபோன இடத்தில்தான் என் வண்டி மோசமாக இருந்தது. அங்கே ஒரு விரற்கடை அளவுக்கு இரும்பே இல்லை. விரிசல், ஓட்டை, பற்றவைப்பு ஆகியவை என் வேலை அல்ல என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பாரம் தாங்கும் இரும்பைத் தெரிந்தவர்தான் தொட வேண்டும். பற்றவைக்கக் கொடுக்கும் முன் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றிவைப்பதும், உள்ளே ஒளிந்திருக்கும் வைக்கோலை நோண்டி எடுப்பதும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைப்பதும் மட்டும் நம் பொறுப்பு.

மேற்புறத் துருவை நானே பார்த்துக்கொண்டேன், முதல் முறை கெடுத்தும் வைத்தேன். ஐப்பசியில், இரண்டு மழைக்கு நடுவே கிடைத்த ஒரு வெயில் நாளில், கம்பி பிரஷ்ஷால் அவசரமாகத் தேய்த்துவிட்டு ரெட் ஆக்ஸைடு அடித்தேன். அடுத்த பங்குனிக்குள் அம்மை போட்டதுபோல் கொப்புளங்கள். உப்பைக் கழுவாமலும் ஈரம் உலராமலும் அடிக்கும் பெயின்ட், துருவை உள்ளே வைத்து மூடிவிடுகிறது. இப்போது அந்த வேலையைச் சித்திரையில் மட்டுமே செய்கிறேன். இரண்டு நாள் நல்ல தண்ணீரில் அடியிலிருந்து பீய்ச்சிக் கழுவி (போர்த் தண்ணீர் சுவைத்தால் கரிக்கும் ஊர் என்பதால், வாய்க்காலில் தண்ணீர் இருக்கும்போதே இரண்டு பேரலில் பிடித்துவைத்துவிடுவேன்), நான்கு நாள் வெயிலில் காயவைத்து, தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, அது நன்றாக உலர்ந்ததும் தள்ளிப்போடாமல் மேலே கறுப்பு எனாமல் இரண்டு பூச்சு. ரெட் ஆக்ஸைடு மட்டும் போதும் என்று விட்டுவிடக் கூடாது. அது ஈரத்தை முழுமையாகத் தடுக்காது. பழைய எஞ்சின் ஆயிலை அடியில் பூசும் வழக்கம் எங்கள் பக்கம் பரவலாக உண்டு. துருவுக்கு அது ஓரளவு தடுப்புதான், ஆனால் ரப்பர் புஷ்களை உப்பவைத்துக் கெடுக்கும், முதல் மழையிலேயே கரைந்து நம் வாய்க்காலுக்கே வந்து சேரும்.

டீசலிலும் தண்ணீர் உண்டு. பாதி காலியான டேங்கில் இரவில் வியர்க்கும் ஈரம் சொட்டுச் சொட்டாக அடியில் சேரும். ஆகவே மழைக்காலத்தில் டேங்கைக் கூடியவரை நிரப்பி நிறுத்துகிறேன். ஃபில்டரின் அடித் திருகை வாரம் ஒரு முறை திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்க்கிறேன். டீசலைவிடக் கனமானது என்பதால் தண்ணீர் டம்ளரின் அடியில் தனிக் கோடாகத் தெரியும். திறந்து மூடும்போது ஏர் பிடித்துக்கொண்டால், ஃபில்டர் மேல் திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியைக் குமிழி நிற்கும்வரை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இது பழைய முறை பம்புக்கு மட்டுமே பொருந்தும். புதிய காமன் ரெயில் வண்டிகளில் குழாய்க்குள் ஆயிரம் பார் அழுத்தத்துக்கு மேல் இருக்கும். அங்கே ஓடும் எஞ்சினில் ஒரு நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

தண்ணீர்க் கணக்கில் சேராத ஒன்றே ஒன்று, எலி. சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் வரப்பு எலிகள் கொட்டகைக்குக் குடிபெயர்ந்து வயரைக் கடிக்கின்றன. வேதாரண்யம் புகையிலையை பானட்டுக்குள் வைத்தால் வராது என்று ஒரு பெரியவர் சொன்னார். வைத்தேன். எலி புகையிலையின் மேலேயே கூடு கட்டியது. இரவில் பானட்டைத் திறந்துவைப்பதுதான் எனக்குப் பலித்த வைத்தியம்.

எலியைச் சந்தேகப்பட்டு நான் ஏமாந்த கதையும் உண்டு. சென்ற மழைக்காலத்துக்குப் பின் செல்ஃப் மோட்டார் சோர்ந்து சுற்றியது. வயர் முழுவதையும் தேடிவிட்டு, கேட்ட அனைவரும் சொன்னபடி புதிய பேட்டரியும் வாங்கினேன், மாற்றம் இல்லை. பேட்டரியின் எதிர் (நெகட்டிவ்) முனையிலிருந்து எஞ்சின் இரும்புக்கு நேரடியாக ஒரு ஜம்பர் வயரைக் கொடுத்துப் பார்த்தபோது மோட்டார் சீறிக்கொண்டு சுற்றியது. சேசிஸோடு எஞ்சினை இணைக்கும் எர்த் பட்டை, போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்து உளுத்துப்போயிருந்தது. அங்கேயும் உப்பும் ஈரமும்தான். தேய்த்துப் பளபளப்பாக்கி, புதுப் பட்டை போட்டு, மேலே கிரீஸ் பூசியதோடு முடிந்தது. பழைய பேட்டரியை இப்போது மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்கு வைத்திருக்கிறேன்.

அடியில் படுத்துச் செய்யும் வேலைகளில் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் களிமண் வெளியே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே இளகியிருக்கும். பாரம் ஏறியதும் ஜாக்கி சாய்ந்து இறங்கும். ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகையும், சேசிஸுக்கு அடியில் கனத்த மரக்கட்டைகளும் வைத்த பிறகே நான் உள்ளே போகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த எங்கள் தென்னைகளில் வைரம் பாய்ந்த அடிமரத்தை அறுத்துச் செய்த கட்டைகள் அவை. செங்கல் வேண்டாம், அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

இந்த ஆண்டு எஃப்சிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இடதுபுறப் பின் கமான் பட்டையைச் சேசிஸோடு கோக்கும் ஷாக்கிள் பின் என்ற ஆணி தேய்ந்து ஆடுகிறது. புதுப் பின்னும் புஷ்ஷும் தஞ்சாவூரிலிருந்து வாங்கி வந்தாகிவிட்டது. பழைய பின்தான் வர மறுக்கிறது. மூன்று நாளாகக் காலையும் மாலையும் எண்ணெய் ஊற்றித் தட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று மாலை மட்டும் ஒரு நூல் அளவு அசைந்ததுபோல் இருந்தது.