அலமாரிக்குள் இரண்டு கெக்கோ

180 செ.மீ. நீள அலமாரியைப் படுக்க வைத்து, நடுத்தட்டை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றினேன். வீட்டில் வளர்க்கும் பல்லி வகையான லெப்பர்ட் கெக்கோ இரண்டுக்கும் தனித்தனி அறை தயார். சேர்த்து வைத்தால் கடித்துக்கொள்ளும். இரண்டும் ஆண் என்றால் கேட்கவே வேண்டாம்.

மரவேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. மண்டையை உடைத்துக்கொண்டது சூட்டுக்குத்தான். பல்லிக்கு உடம்பில் சொந்தமாகச் சூடு உண்டாக்கத் தெரியாது. வெதுவெதுப்பான மூலைக்கும் குளிர்ந்த மூலைக்கும் மாறி மாறிப் போய்த்தான் சமாளிக்கும். அதனால் விளக்கை ஒரு ஓரத்தில் மாட்டி, அடியில் தட்டைக் கல் வைத்தேன். கல்லின் மேல் 33 டிகிரி, எதிர் மூலையில் 25. சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட்டின் உணரியைச் சுவரில் ஒட்டச் சொல்வார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை, கெக்கோ படுப்பது கல்லில்தானே? விளக்கைச் சுற்றிக் கம்பிக்கூண்டு கட்டாயம்.

காற்றுத் துளைகள் குளிர்ந்த பக்கம் கீழே, சூடான பக்கம் மேலே. சூடான காற்று மேலேறி வெளியே போக, கீழ்த்துளை புதுக் காற்றை இழுக்கும்.

அப்புறம் இடுக்குகளை அடைக்கும் சிலிகான் பசை. வினிகர் வாடை சுத்தமாகப் போகும்வரை உள்ளே விடாதீர்கள். இதுகள் எதையும் நக்கிப் பார்க்கும் ஜாதி. முன்பக்கம் நகரும் கண்ணாடி; வீட்டுப் பல்லி மாதிரி ஒட்டும் பாதம் இல்லாததால் அதில் ஏறாது. தீனிக்குப் போடும் சிள்வண்டுகள்தான் இடுக்கு தேடி ஓடுகின்றன.