ஒரே ரத்தத்தில் சிக்கிய என் பன்றிகளை மீட்ட கதை

குட்டிக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க வெப்பமானியை எடுத்தேன். உள்ளே போகவில்லை. வாலைத் தூக்கிப் பார்த்தால் அங்கே துளையே இல்லை. தோல் வழவழவென்று மூடியிருந்தது. பிறந்து இரண்டு நாள்தான். வயிறு உப்பிக்கொண்டே வந்தது. பெண் குட்டியாக இருந்தால் சில சமயம் மலம் பிறப்புறுப்பு வழியாக வெளியேறி உயிர் தப்பிவிடும். இது ஆண். மறுநாள் காலையில் நான் போனபோது இறந்து கிடந்தது.

அதே ஈற்றில் இன்னொரு குட்டி, காம்புக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். வாயைத் திறந்து காம்பை வைத்தாலும் உறிஞ்சவில்லை. சீம்பாலைக் கறந்து ஊசிக்குழலில் ஊட்டினேன், அதுவும் நிலைக்கவில்லை. அதற்கு முந்தைய ஈற்றில் இரண்டு ஆண் குட்டிகளுக்கு விரைப்பையில் குடலிறக்கம். பண்ணை தொடங்கிய காலத்தில் ஈற்றுக்கு ஒன்பது, பத்து என்று பிறந்த குட்டிகள் ஆறாகக் குறைந்திருந்தன. அதிலும் நான்குதான் பால் மறக்கும்வரை பிழைத்தன.

நான் முதலில் தீவனத்தைத்தான் சந்தேகப்பட்டேன். கால்நடை மருத்துவர் வந்ததும் அவரும் அங்கிருந்துதான் தொடங்கினார். பூஞ்சை பிடித்த தீவனத்தாலும், பார்வோ வைரஸாலும் குட்டிகளின் எண்ணிக்கை குறையும்; பின்னங்கால் விரிந்து பிறக்கும் குட்டிகளுக்கு வழுக்குகிற தரைகூடப் பங்களிக்கும். அதனால் ரத்த மாதிரி எடுத்தோம், தீவனத்தை மாற்றினோம். எதிலும் கோளாறு தெரியவில்லை. அடுத்த முறை வந்தபோது அவர் பதிவேட்டைக் கேட்டார்.

தாயின் எண், ஈன்ற தேதி, குட்டிகளின் எண்ணிக்கை என்று எல்லாம் எழுதி வைத்திருந்தேன். தந்தை என்ற கட்டம் மட்டும் பக்கம் பக்கமாக வெறுமையாக இருந்தது. "ஆண் யாருன்னு எழுதலையே?" என்றார். ஒரே ஒரு ஆண் பன்றிதானே இருக்கிறது, எழுதுவதற்கு என்ன என்று நினைத்ததுதான் காரணம். அந்த வெற்றுக் கட்டத்தில்தான் என் பண்ணையின் பிரச்சினை முழுவதும் இருந்தது.

நடந்தது இதுதான். ஒரு ஆண், ஆறு பெண் என்று தொடங்கினேன். முதல் ஈற்றுகளில் நல்ல பெண் குட்டிகளை நிறுத்திக்கொண்டேன். அவை வளர்ந்து பருவத்துக்கு வந்தபோது அதே ஆணிடம் விட்டேன். அதில் பிறந்த பெண்களையும் அதே ஆணிடம் விட்டேன். அவன் கனத்துப்போய்ப் பெண் பன்றிகளால் தாங்க முடியாமல் ஆனதும், அவன் மகன்களிலேயே நீளமான உடம்புள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'புது ஆண்' என்று பெயர் வைத்தேன். அது பண்ணையில் இருந்த பெரும்பாலான பெண்களுக்கு அண்ணனோ தம்பியோதான். நல்ல ரத்தம், கூடினால் நல்லதுதானே என்று மனதார நம்பினேன்.

உள்சேர்க்கை, அதாவது நெருங்கிய உறவுகளுக்குள் நடக்கும் சேர்க்கை, எவ்வளவு என்று மருத்துவர் ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்ட அன்றுதான் எனக்குக் கண் திறந்தது. சேர்க்கை நடக்கும் ஆணிலிருந்து பொது மூதாதை வழியாகப் பெண் வரை ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டில் எத்தனை விலங்குகள் இருக்கின்றனவோ, அத்தனை முறை ஒன்றைப் பாதியாக்க வேண்டும். தந்தையும் மகளும் என்றால் கோட்டில் இரண்டே பேர். பாதியில் பாதி, 25 சதவீதம். தந்தை ஒன்று, தாய் வேறான அண்ணன் தங்கை என்றால் மூன்று பேர், 12.5 சதவீதம். கூடப்பிறந்தவை என்றால் தந்தை வழியாக ஒரு கோடு, தாய் வழியாக ஒரு கோடு. இரண்டையும் கூட்டினால் மறுபடியும் 25. தந்தையை மகளோடு சேர்த்து, அதில் பிறந்த பெண்ணை மறுபடி அதே ஆணோடு சேர்த்தால் 37.5. இந்தக் கணக்கை 1922இல் வகுத்துக் கொடுத்தவர் சூவல் ரைட் என்ற அமெரிக்க மரபியல் அறிஞர். பொது மூதாதையே உள்சேர்க்கையில் பிறந்ததாக இருந்தால் எண் இன்னும் ஏறும்.

இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? ஒவ்வொரு மரபணுவுக்கும் குட்டியிடம் இரண்டு பிரதிகள் இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. அந்த இரண்டும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியாக இருப்பதற்கான வாய்ப்புதான் அந்தச் சதவீதம். கெட்ட பிரதி ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் நல்ல பிரதி அதை மறைத்துவிடும். என் முதல் ஆண் பன்றி பார்க்க அவ்வளவு திடமாக இருந்ததற்கும் அதுதான் காரணம். மறைந்திருக்கும் அந்தப் பிரதி அவன் மகள்களில் பாதிப் பேருக்குப் போகும். அப்படி வாங்கிய மகளோடு அவனையே சேர்த்தால், நான்கில் ஒரு குட்டிக்கு இரண்டு பிரதியும் கெட்டதாக அமையும். குடலிறக்கம், ஆசனவாய் இல்லாமை போன்ற குறைகள் ஒரே மரபணுவால் வருபவை அல்ல, கணக்கு இவ்வளவு நேராகவும் இருக்காது. ஆனால் பரம்பரைக்கு அவற்றில் பங்கு உண்டு.

ஏன் இவ்வளவு நாள் எனக்குத் தெரியவில்லை என்று கேட்டேன். வளர்ச்சி, உடல் நீளம், இறைச்சித் தரம் இவற்றில் உள்சேர்க்கையின் அடி லேசாகத்தான் விழும். கருத்தரிப்பு, குட்டிகளின் எண்ணிக்கை, பிறந்த குட்டியின் உயிர்த்துடிப்பு இவற்றில்தான் பலமாக விழும். நானோ உடம்பைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். பால் உறிஞ்சத் தெரியாத குட்டியைப் பற்றிச் சொன்னபோது அவர் ஒரு பழைய பதிவை நினைவுகூர்ந்தார். ஒரே ஆண் பன்றியை மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று ஏழு தலைமுறை சேர்த்துப் பார்த்த ஒருவரைப் பற்றி டார்வின் 1868இலேயே எழுதியிருக்கிறார். பிறந்தவற்றில் பல சினையே பிடிக்கவில்லையாம். பிழைத்தவற்றில் பல பால் உறிஞ்சக்கூட அறிவில்லாமல், நேராக நடக்க முடியாமல் இருந்தனவாம். கேட்டதும் அந்தக் குட்டி காம்புக்கு முன்னால் விழித்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, மீள்வது எப்படி? முதல் வேலை, தந்தை கட்டத்தை நிரப்புவது. ஒவ்வொரு ஈற்றுத் தேதியிலிருந்தும் 114 நாள் பின்னால் எண்ணி, அந்த நாளில் எந்த ஆண் வேலையில் இருந்தது என்று கண்டுபிடித்தேன். பன்னிரண்டு பெண் பன்றிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, ஈரத்துணியால் காதைத் துடைத்து வெட்டுக்குறிகளைப் படித்தேன். வலது காதில் ஈற்றின் எண், இடது காதில் குட்டியின் எண். சண்டையில் காது கிழிந்திருந்த இரண்டை மட்டும் என்னால் உறுதி செய்ய முடியவில்லை. அவற்றை மிக நெருங்கிய உறவாகவே கணக்கில் வைத்தேன். நான்கு நாள் ஆனது. முடிவில் தாளைப் பார்த்தபோது பன்னிரண்டில் ஒன்பது பெண்கள் முதல் ஆணின் மகளாகவோ, மகளுக்கும் அவனுக்கும் பிறந்ததாகவோ இருந்தன.

இன்னும் கொஞ்சம் பெண் பன்றிகளை வெளியிலிருந்து வாங்கினால் போதாதா என்று கேட்டேன். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆண்களின் எண்ணிக்கையைப் பெண்களின் எண்ணிக்கையால் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் மரபு ரீதியாகக் கூட்டத்தின் உண்மையான அளவு வரும். ஒரு ஆண், பன்னிரண்டு பெண் என்றால் 3.7. பெண்களை இருபதாக்கினாலும் 3.8தான், நூறாக்கினாலும் நான்கைத் தாண்டாது. வெளியிலிருந்து எதுவும் வராமல் இப்படியே போனால் தலைமுறைக்கு ஏறக்குறைய 13.5 சதவீதம் உள்சேர்க்கை ஏறும். அதே பன்னிரண்டு பெண்களுக்கு மூன்று ஆண்கள் இருந்தால் அது 5 சதவீதமாக இறங்கிவிடும். ஆக, மாற்ற வேண்டியது ஆண்.

பக்கத்துப் பண்ணையில் ஒரு அழகான ஆண் இருந்தது. பேசி முடிக்கும் தறுவாயில், எங்கே வாங்கியது என்று கேட்டேன். நான் என் முதல் ஆணை வாங்கிய அதே இடம், அதே தாய். அதாவது என் ஆணின் கூடப்பிறந்தது. அன்றைக்குக் கேட்காமல் விட்டிருந்தால் எல்லா உழைப்பும் வீணாகியிருக்கும். அப்புறம் தாய், தந்தை இருவரின் எண்ணையும் எழுதித் தரக்கூடிய தொலைவான பண்ணை ஒன்றைத் தேடிப் பிடித்து, லேண்ட்ரேஸ் ஆண் ஒன்று வாங்கினேன். என்னுடையவை லார்ஜ் ஒயிட். இனமே வேறு என்பதால் கலப்பு வீரியமும், அதாவது இரண்டு இனம் கலந்து பிறக்கும் குட்டிகளுக்கு வரும் கூடுதல் வலுவும், சேர்த்துக் கிடைக்கும். கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லோசிஸ் தொற்று இருக்கிறதா என்று சோதனை செய்து, 45 நாள் தனிக் கொட்டிலில் வைத்து, தனிச் செருப்பு, தனி வாளி வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

அதே சமயம் பழைய ஆணையும் அவன் மகனையும் இனவிருத்தியிலிருந்து விலக்கினேன். முதல் ஆணை வண்டியில் ஏற்றிய நாள் கஷ்டமான நாள். என் காலடிச் சத்தம் கேட்டாலே எழுந்து வருவான். ஆசனவாய் இல்லாத குட்டியை ஈன்ற தாயையும் அனுப்பினேன். அந்த ஈற்றின் மற்ற குட்டிகள் பார்க்க நன்றாக இருந்தாலும் எதையும் இனவிருத்திக்கு நிறுத்தவில்லை. குறை வெளிப்பட்ட ஈற்றில் கெட்ட பிரதியை மறைத்து வைத்திருக்கும் குட்டிகள் இருக்க வாய்ப்பு அதிகம்.

லேண்ட்ரேஸுக்குப் பிறந்த முதல் ஈற்றுகளைப் பார்த்து நான் சோர்ந்துபோனேன். ஆறு, ஏழு, ஆறு. எண்ணிக்கை ஏறவே இல்லை. மருத்துவர்தான் விளக்கினார்: குட்டிகளின் ரத்தம் புதுசு, உள்சேர்க்கை பூஜ்யம், ஆனால் எத்தனை முட்டை வெளிவருகிறது, கருப்பை எத்தனை கருவைத் தாங்குகிறது, எவ்வளவு பால் சுரக்கிறது என்பதெல்லாம் தாயைப் பொறுத்தது, தாய் இன்னும் பழைய ரத்தம்தானே. பிழைப்பைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். ஆறு தாய்களுக்குப் பிறந்த 39 குட்டிகளில் 36 பால் மறக்கும்வரை வந்தன. பிறந்த சில நிமிடங்களில் தடுமாறி எழுந்து, தானாகவே காம்பைத் தேடிப் போயின. அப்படி ஒன்றைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் திரும்பவும் பள்ளத்தில் விழுகிறார்கள் என்று நினைக்கிறேன். புது ஆண் நன்றாக இருக்கிறது, அதன் மகள்களும் நன்றாக இருக்கின்றன, அதனிடமே விட்டால் என்ன என்று தோன்றும். விட்டால் ஒரே தாவலில் மறுபடி 25. கெட்ட பிரதிகளும் எங்கேயும் போய்விடவில்லை, புது ரத்தத்துக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன, அவ்வளவுதான். எனக்கும் ஒரு சறுக்கல் நேர்ந்தது. காயடிக்காமல் விட்ட ஒரு ஆண் குட்டி ஐந்தரை மாதத்தில் தடுப்பைத் தாண்டித் தங்கைகளின் கொட்டிலுக்குள் போய்விட்டது. ஒரு பெண் சினையானது. அந்தக் குட்டிகளில் ஒன்றைக்கூட இனவிருத்திக்கு வைக்கவில்லை. இப்போது ஆண் குட்டிகளை முதல் இரண்டு வாரத்துக்குள் காயடித்துவிடுகிறோம்.

கலப்புப் பெண்கள் எட்டு மாதத்தை நெருங்கியபோது, முதல் கூட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு லார்ஜ் ஒயிட் ஆணின் விந்துக்கு ஏற்பாடு செய்தேன். 17 டிகிரியில் வைத்து, சில நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டும். சிறிய பண்ணைக்கு இதுதான் சுலபமான வழி என்று இப்போது நினைக்கிறேன், இன்னொரு ஆணுக்குத் தீனி போட வேண்டியதில்லை. முதுகை அழுத்தினால் அசையாமல் நிற்கும் நேரம் பார்த்துச் சினை ஊசி போட்டோம். மறுபடியும் 114 நாள் காத்திருந்தோம்.

முதலில் ஈன்றது பத்து. அடுத்தது ஒன்பது. மூன்றாவது பெண் இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடித்தாள். பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் துடைத்து, தொப்புளில் மருந்து வைத்து, பழக்கதோஷத்தில் வாலையும் தூக்கிப் பார்த்து, வரிசையில் விட்டேன். பன்னிரண்டும் காம்பைப் பிடித்துக்கொண்டன. விடிந்ததும் பதிவேட்டை எடுத்துத் தந்தை கட்டத்தை முதலில் எழுதினேன்.

இப்போது மூன்றாவதாக ஒரு ஆண் தனிக் கொட்டிலில் இருக்கிறது, இன்னும் பத்து நாளில் வெளியே வரும். அதற்கு எந்தெந்தப் பெண்கள் என்று சுவரில் எழுதி ஒட்டியாகிவிட்டது.